கை கொடுத்த விசை

நான் திண்மநிலைப் பௌதிகவியலில் கலாநிதிப் பட்டம் பெற்று, பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகி எட்டு வருஷமாகியிருந்தது. தீபாவளி விடுமுறைக்கு நானுஓயாவுக்கு வந்தபோது, தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் உயர்தரப் பிள்ளைகள் சிலருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். இயக்கச் சமன்பாடுகளை மளமளவென்று தீர்த்த ஒரு பிள்ளையிடம், டென்னிஸ் பந்தை மேலே எறிந்து காட்டிக் கேட்டேன்: கையை விட்டு மேலே போகும்போது இதில் என்ன விசை தாக்குது?

"கை குடுத்த விசைதான் சேர். அது தீந்ததும் கீழ வந்துரும்."

காற்றுத் தடையை விட்டால், இருப்பது கீழ்நோக்கிய ஈர்ப்பு மட்டுமே. திரும்பிப் போய் என் இரண்டாம் வருஷ மாணவர்களைக் கேட்டேன். பலரும் அதே பதில்தான். எட்டு வருஷமாக நான் படிப்பித்த லட்சணம் அன்றைக்குத் தெரிந்தது.

மாணவர்களின் இப்படியான எண்ணங்களை ஆராய்வதற்கென்று ஒரு துறையே இருப்பது பிறகுதான் தெரியவந்தது. 1992இல் அமெரிக்காவில் ஹெஸ்டெனெஸும் அவருடைய கூட்டாளிகளும் விசை பற்றிய எளிய பல்தேர்வு வினாத்தாள் ஒன்றை வெளியிட்டார்கள். 1998இல் ரிச்சர்ட் ஹேக், இப்படியான வினாத்தாள்களில் ஆறாயிரத்துக்கும் அதிகமான மாணவர்கள் பெற்ற புள்ளிகளைத் தொகுத்தார். மாணவர்கள் பேசி விவாதிக்கும் வகுப்புகளில் கிடைத்த முன்னேற்றம், வெறும் விரிவுரையில் கிடைத்ததைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு.

இந்தப் பக்கம் வர நினைப்பவர்கள் பழைய ஆய்வை உடனே விட்டுவிட வேண்டாம். இது கல்விப் பீடத்து வேலை என்பார்கள் பௌதிகவியல்காரர்கள்; கல்விப் பீடத்தில் கேட்டால், பௌதிகவியல் என்று திருப்பி அனுப்புவார்கள். பழைய துறையில் எழுதிய கட்டுரைகள்தான் என் பதவியுயர்வைக் காப்பாற்றின.

பிழையான விடையைப் பிள்ளை சொன்ன சொல் மாறாமல் எழுதி வையுங்கள். தீர்ந்துபோகும் விசை என்ற எண்ணம் 6ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் தத்துவஞானி பிலோபோனஸுக்கும் இருந்தது. பிள்ளைக்கு நல்ல துணைதான்.

ஆங்கில வினாக்களை அப்படியே மொழிபெயர்த்து நான் ஒரு வருஷத்தை வீணாக்கினேன். நமது இலங்கைப் பாடநூலில் திணிவு வேறு, நிறை வேறு. தமிழ்நாட்டுப் புத்தகத்தில் நிறை என்றால் நமது திணிவு. நமது நிறையை அங்கே எடை என்பார்கள். டியூசன் பிள்ளைகள் இரண்டையும் வாசிக்கிறார்கள். வீட்டிலோ, அம்மா பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்தால் வருவது கிலோ. இந்தக் குழப்பத்தில் விட்ட பிழையைப் பௌதிகப் பிழை என்று எண்ணிக் கட்டுரை எழுதப் பார்த்தேன். வினாவைக் கொடுக்கும் முன் பத்துப் பேரையாவது வாய்விட்டு வாசிக்கச் சொல்லி, எந்தச் சொல்லில் தடுக்குகிறார்கள் என்று பாருங்கள்.

பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. நானுஓயா 1,600 மீற்றருக்கு மேலே இருக்கிறது. இங்கே தண்ணீர் ஏறக்குறைய 95 பாகை செல்சியசில் கொதிக்கும். வகுப்பில் கேட்டால் 100 என்றே எழுதுவார்கள். கொழும்பில் சமைத்துப் பழகிய அக்காமாரோ, இங்கே பருப்பு வேக நேரமெடுக்கும் என்பார்கள். மலையகத்து ஆசிரியர்களே, இந்த ஒரு கேள்வியை வகுப்பில் கேட்டு, வருகிற விடைகளையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.