அந்தமானில் எந்தக் கரையில் இறங்குவது?

குடும்பத்தோடு அந்தமான் போகிறவர்கள் விடுதியையும் விமான டிக்கெட்டையும் வாரக்கணக்கில் அலசுகிறார்கள். ஸ்நார்க்கெலிங்கை மட்டும் ஏஜென்ட் கைகாட்டிய கரையில் முடித்துக்கொள்கிறார்கள். அலையைக் கண்டால் அம்மாவின் கையை விடாத ஆறு வயதுக் குழந்தைக்கும் நன்றாக நீந்தத் தெரிந்த அண்ணனுக்கும் ஒரே கடல் பொருந்தாது. வீட்டில் யாருக்குப் பயம் அதிகமோ, அவருக்கான கரையை முதலில் தேர்ந்தெடுங்கள். நீருக்குள் முகத்தை வைத்து வாயால் மூச்சுவிட அவர் பழகிவிட்டால், அடுத்த கரைக்கு அவரே அவசரப்படுத்துவார்.

அப்படிப் பழகுவதற்கு நான் சொல்வது நீல் தீவின் பரத்பூர் கடற்கரை. 2018-இல் அந்தத் தீவுக்கு ஷாஹீத் துவீப் என்றும் ஹேவ்லாக்குக்கு ஸ்வராஜ் துவீப் என்றும் பெயர் மாற்றினார்கள். டிக்கெட்டில் அந்தப் பெயர்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பரத்பூரில் ஆழம் மெல்லத்தான் கூடும். குழந்தை இடுப்பளவு நீரில் நின்றபடியே மாஸ்க்கைப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் கடல் வற்றும்போது பாறைத்திட்டு வெளியே தெரியும், காலைக் கிழிக்கும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சுமார் 6 மணி நேரம். ஏற்றம் வரும் நேரம் தினமும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். அதனால் நேற்று போனவர் சொன்ன நேரத்தை நம்பாமல், ஏற்றம் எப்போது என்று முந்தைய நாளே விடுதியில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஹேவ்லாக்கின் எலிஃபென்ட் பீச்சுக்குத்தான் பெரும்பாலானோர் போகிறார்கள். கரையை ஒட்டியே பவளம், படகில் குறுகிய பயணம், நீச்சல் தெரியாதவரை மிதவை வளையத்தைப் பிடிக்கச் சொல்லி இழுத்துப் போக ஆட்கள் என்று வசதிகள் உண்டு. தொல்லை கூட்டம்தான். முற்பகலுக்குள் படகுகள் வரிசைகட்டி வந்துவிடும், மணல் கலங்கிவிடும். அங்கே போவதானால் முதல் படகில் போங்கள். அந்தமானில் பொழுது ஐந்து மணி வாக்கிலேயே விடிந்துவிடுகிறது.

நன்றாகப் பழகியவர்களுக்கு என் தேர்வு ஜாலி பாய். 1983-இல் அமைந்த மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் தீவு அது. வண்டூர் துறையிலிருந்து படகு, அனுமதிச் சீட்டு அவசியம், திங்கட்கிழமை விடுமுறை. பிளாஸ்டிக் கூடாது, கடையும் கிடையாது. தண்ணீரையும் சாப்பாட்டையும் எவர்சில்வர் பாத்திரத்தில் கொண்டுபோக வேண்டும். இந்தக் கெடுபிடியைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அதுதான் இந்தத் தீவின் முதல் தகுதி. நீருக்குள் இறங்க முடியாத தாத்தா பாட்டிக்கும் இங்கே கண்ணாடி அடிப் படகு உண்டு. பேரன் பார்த்ததை அவர்களும் பார்க்கலாம்.

ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறதா? போர்ட் பிளேருக்கு எதிரே நார்த் பே போதும்.

எங்கே போனாலும் ஒன்றைக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கூட்டிப்போங்கள். 2010 கோடையில் கடல் சூடேறி அந்தமானின் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. பவளத்துக்கு நிறமும் உணவும் தருவது அதன் உடலுக்குள் வாழும் நுண்பாசி. சூடு தாங்காமல் பவளம் அதை வெளியேற்றும்போது வெளுக்கிறது, நீடித்தால் சாகிறது. உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். அதன்மேல் கால் ஊன்றக் கூடாது. உடைந்த துண்டை எடுத்து வருவதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். சன்ஸ்கிரீனைப் பூசி இறங்குவதைவிட முழுக்கை நீச்சல் சட்டை நல்லது.

வாடகை மாஸ்க் பெரியவர்கள் அளவில்தான் பெரும்பாலும் கிடைக்கும். குழந்தைக்கு ஊரிலேயே வாங்குங்கள். பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் உறிஞ்சினால் ஒட்டி நிற்க வேண்டும். அதுதான் சரியான அளவு. போர்ட் பிளேரில் தமிழர்கள் நிறைய. தமிழ் தெரிந்த வழிகாட்டியைக் கேட்டுப் பாருங்கள். பயந்த பிள்ளைக்கு அது பெரிய துணை.

சதுப்புக் காடும் ஓடையும் கடலைச் சேரும் இடங்களில் உப்புநீர் முதலைகள் உண்டு. எச்சரிக்கைப் பலகை உள்ள கரையில் கணுக்கால் அளவுகூட இறங்காதீர்கள்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாகவும் தெளிவாகவும் இருக்கும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஜாலி பாய் மூடியிருக்கும். பதிலுக்கு ரெட் ஸ்கின் தீவுக்கு விடுவார்கள். காற்று வலுத்தால் தீவுகளுக்கிடையே படகு நின்றுவிடும். அந்த மாதங்களில் போகிறவர்கள் ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளையாவது போர்ட் பிளேரிலேயே தங்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்.