கணிப்பொறிக் கம்பியும் இழை முறுக்கும்

கூட்டுறவுச் சங்கங்களின் பேரேடுகள் கணிப்பொறிக்கு மாறி வருகின்றன. நாடெங்குமுள்ள 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணிப்பொறிமயமாக்க மத்திய அரசு 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ரூ. 2,516 கோடித் திட்டமொன்றுக்கு ஒப்புதல் அளித்தது. எனினும் கணிப்பொறி வந்து சேர்ந்தால் மட்டும் போதாது. எடைமேடையையும் கிடங்கையும் அலுவலகத்தையும் இணைக்கும் ஈதர்நெட் கம்பி செவ்வையாக இருத்தல் வேண்டும். பட்டுவாடா நாளில் அக்கம்பி தகராறு செய்யுமாயின், ஓசூர் வட்டாரத்தில் கூடையுடன் வந்த பட்டுக்கூடு விவசாயி வாயிலில் காத்துக் கிடக்க நேரும்.

இக்கம்பியைச் சங்க ஊழியரே செய்துகொள்ளலாம். கம்பி, கனெக்டர், கிரிம்பிங் கருவி, டெஸ்டர் ஆகியவை ஓசூர்க் கடைகளிலும், அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருவிலும் கிடைக்கும். மலிவான கம்பி சிலவற்றில் அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் மட்டுமே இருக்கும். கத்தியால் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெண்மை தெரியும், அதனை வாங்கலாகாது.

உறையை நீக்கினால் எட்டு இழைகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு இணைகளாகக் காணப்படும். முறுக்கின் பயனை நெசவாளருக்கு விளக்க வேண்டியதில்லை என எண்ணலாம். ஆனால் இங்கு அதன் பயன் வலிமையன்று. இணையின் ஓரிழையில் செல்லும் மின்குறி மற்றதில் திரும்புகிறது. முறுக்கியிருப்பதால் வெளியிலிருந்து வரும் இடையூறு இரண்டையும் ஒரே அளவில் தாக்குகிறது. பெறும் கருவி இரண்டின் வேறுபாட்டை மட்டுமே கொள்வதால் இடையூறு கழிந்துபோகிறது. தொலைபேசிக்காக 1881ஆம் ஆண்டிலேயே கிரஹாம் பெல் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார்.

கனெக்டரின் கொக்கி அப்புறமும் பொன்னிறத் தகடுகள் மேல்நோக்கி நம் பக்கமும் இருக்குமாறு பிடித்து, இடமிருந்து வலமாக இழைகளைக் கோக்க வேண்டும்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரு முனைகளிலும் இவ்வரிசையே. பச்சை இணை, நீல இணையைத் தாண்டி மூன்றாம், ஆறாம் இடங்களில் அமர்வதைக் கவனிக்க. புதியவர் பலர் இதனைப் பிழையென்று கருதி, இணைகளை அடுத்தடுத்து வைத்துவிடுகின்றனர். யானும் முதலில் அவ்வாறே செய்தேன். டெஸ்டரில் எட்டு விளக்குகளும் ஒழுங்காக எரிந்தன, கணிப்பொறியோ ஊர்ந்தது. ஏனெனில் மூன்றும் ஆறும் ஒரு குறியைச் சுமக்க வேண்டியவை. என் கம்பியில் அவை வெவ்வேறு முறுக்கைச் சேர்ந்த இழைகளாகிவிட்டன. விழுதில் தவறிய இழை துணியில் உடனே கண்ணுக்குப் புலப்படும். இத்தவறோ எளிய டெஸ்டருக்கும் புலப்படாது. வரிசையைக் கண்ணால் சரிபார்ப்பதே வழி.

முனையில் முறுக்கைப் பிரிப்பது அரை அங்குலத்துக்கு மேற்படலாகாது. உறையின் நுனி கனெக்டருக்குள் புகுந்து அழுந்த வேண்டும். இல்லையேல் இழுப்பில் இழைகள் கழன்றுவிடும். மின்விசைக் கம்பிகளை ஒட்டி நெடுந்தூரம் இதனைக் கொண்டு செல்லலாகாது. மின்தறிக் கூடங்களில் இது மிகவும் முக்கியம்.

ஒரு கம்பியின் எல்லை 100 மீட்டர். ரோஜாத் தோட்டத்தின் பசுமைக்குடில் அதற்கு அப்பால் இருப்பின், இடையில் ஸ்விட்ச் வைத்தல் வேண்டும். அல்லது கண்ணாடியிழைக் கம்பி போடலாம்.