கரகரக்கும் தட்டுகள்

கேள்வி: டெக்ஸாஸில், சான் அன்டோனியோவில் வேலை பார்க்கிறேன். பழைய ப்ளூஸ் பாடல்களை எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

பதில்: உங்கள் ஊரிலிருந்தே! 1936 நவம்பரில் அங்குள்ள கன்டர் ஹோட்டலில்தான் ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சனின் முதல் ஒலிப்பதிவு நடந்தது. மறு வருஷம் டல்லாஸில் இன்னொன்று. மொத்தமே 29 பாட்டு. 27 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஆனாலும் என் ஓட்டு டெக்ஸாஸ்காரர் பிளைண்ட் வில்லி ஜான்சனுக்குத்தான். 1927-இல் டல்லாஸில் அவர் பதிந்த 'டார்க் வாஸ் த நைட்' பாட்டில் வார்த்தையே கிடையாது. வழுக்கிப் போகும் கித்தார் கம்பியும் முனகலும் மட்டும். ஆலாபனை கேட்டுப் பழகிய காதுக்குச் சட்டென்று பிடிபடும். 1977-இல் வாயேஜர் விண்கலத்தில் ஏற்றி அனுப்பிய இசைத்தட்டில் அதுவும் உண்டு.

அடுத்து, ஹாரி ஸ்மித் தொகுத்து 1952-இல் ஃபோக்வேஸ் நிறுவனம் வெளியிட்ட 84 பாடல்கள். கரகரப்பைப் பார்த்து முதல் நாளே நிறுத்திவிடாதீர்கள்.