கணினி கற்போம்: இணையதளத்தின் சாவி யாரிடம்?

ஊறுகாய், மசாலாப்பொடி விற்க இணையதளம் வைத்திருக்கும் குழுக்கள் பல நேரம் பயன்படுத்துவது வேர்ட்பிரஸ். 2003-ல் வந்த இலவச மென்பொருள் இது. தமிழிலும் இயங்கும். விலையை மாற்றுவது செல்போனில் மெசேஜ் அடிக்கிற மாதிரிதான். அதுக்குப் பயப்பட வேண்டாம்.

சிக்கல் வேற இடத்தில் வருது. தளம் அமைத்துக் கொடுத்த தம்பி வேலை கிடைத்து வெளியூர் போய்விடுவார். பாஸ்வேர்டும் அவரோடு போய்விடும். போன வருஷ விலையைப் பார்த்து ஆர்டர் வரும். எண்ணெய் விலை ஏறியிருந்தால் அந்த நஷ்டம் யார் தலையில்?

குழுவின் வங்கிக் கணக்கை ஒருவர் கையில் மட்டும் விடுவதில்லையே, இதுவும் அப்படித்தான். 'நிர்வாகி' பொறுப்பை இரண்டு உறுப்பினர்களுக்குக் கொடுங்கள், ஆளுக்கொரு பாஸ்வேர்டுடன். புதிதாகப் பழகுகிறவருக்குப் 'பங்களிப்பாளர்' பொறுப்பு போதும். அவர் எழுதி வைக்கலாம். நிர்வாகி பார்த்த பிறகுதான் வெளியாகும். கைதவறி ஒரு பதிவை அழித்தாலும் 30 நாள் வரை குப்பைத்தொட்டியில் கிடக்கும், எடுத்துக்கலாம்.

தளத்தின் முகவரி யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கு? அடுத்த கூட்டத்திலேயே கேட்டு, தீர்மான நோட்டில் எழுதிடுங்க.