எலிக்காய்ச்சலும் குருதியும்

2008ஆம் ஆண்டில் இலங்கையில் எலிக்காய்ச்சலால் 200 பேரளவில் இறந்தனர். கல்முனை, நிந்தவூர், சம்மாந்துறை வட்டைகளில் சேற்றிலிறங்கும் கமக்காரர் இதனை அறிதல் வேண்டும்.

எலியின் சிறுநீரோடு வயல்நீரிற் கலக்கும் இலெப்டோஸ்பைரா என்னும் கிருமி, காற்புண் வழியே உடலுட் புகும். அது சுரக்கும் நஞ்சுகளுட் சில, குருதிக் கலங்களின் மென்சவ்விலுள்ள கொழுப்பைச் சிதைப்பன. சவ்வு சிதையவே செங்கலம் உடைந்து, அதன் நிறப்பொருள் வெளியேறும். கன்றுகளில் இதனைக் கண்கூடாகக் காணலாம், சிறுநீர் செந்நிறமாகும். அச்சிறுநீரும் கிருமியுடையதே, வெறுங்கையால் தொடற்க. மனிதரிற் செங்கலச் சிதைவு அத்துணை மிகுதியன்று. சிறுநீரகம் செயலிழத்தலும் நுரையீரலிற் குருதி கசிதலுமே பெரும்பாலும் உயிரைக் கவர்வன.

வயலில் இறங்கியபின் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் கண்சிவப்பும் கண்டால், அன்றே வைத்தியசாலைக்குச் செல்க. வயல்வேலை செய்ததையும் வைத்தியரிடம் கூறுக. தடுப்பு மாத்திரை பற்றி, வேலை தொடங்குமுன்னரே பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறிக.