மனநல ஆலோசகருக்குத் தகுதிச் சான்று வேண்டாமா?

நான் மருத்துவம் படித்தவன் அல்லன், சட்டம் படித்தவனும் அல்லன். டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் சேர்ந்து, முப்பத்தாறு ஆண்டுகள் தண்டவாளத்தோடு வாழ்ந்து, ஓய்வு பெற்றபின் சந்தாபுராவில் குடியேறியவன். இப்படிப்பட்டவன் மனநலத்தைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது, கடைசிவரை படித்தால் விளங்கும்.

முதலில் எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தண்டவாளத்தின் மேல்பரப்பு பளபளவென்று இருக்கும். உள்ளே மட்டும் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடிக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, சுத்தியலால் தட்டினாலும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க அல்ட்ராசானிக் கருவியைத் தண்டவாளத்தின் மேல் தள்ளிக்கொண்டு போவார்கள். கருவி யார் கையில் வேண்டுமானாலும் இருக்கலாம். ஆனால் அதைப் பார்த்து "இந்த இடத்தில் குறை இருக்கிறது" என்று எழுத, லக்னோவில் உள்ள ரயில்வே ஆராய்ச்சி நிறுவனத்தில் பயிற்சி பெற்றுச் சான்று வாங்கியவருக்கே உரிமை உண்டு. சான்று இல்லாதவர் எழுதிக் கொடுக்கும் அறிக்கையை நான் ஒருநாளும் கையொப்பமிட்டு ஏற்றதில்லை.

மனித மனத்தின் விரிசலும் கண்ணுக்குத் தெரியாததுதான். அதைப் பார்த்துச் சொல்பவருக்கு நம் நாட்டில் என்ன சான்று தேவை? சட்டம் என்ன சொல்கிறது? இதையே இக்கட்டுரையில் காண்போம்.

யார் யார்?

பலரும் எல்லோரையும் "மனோதத்துவ டாக்டர்" என்ற ஒரே சொல்லால் அழைத்துவிடுகிறோம். இது தவறு. இவர்களில் நான்கு வகையினரைப் பிரித்தறிய வேண்டும்.

மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மனநலத்தில் மேற்படிப்பும் முடித்தவர். மாத்திரை எழுதும் உரிமை இவருக்கு உண்டு. மருத்துவக் கவுன்சிலில் பதிவு இருக்கும்.

மருத்துவ உளவியலாளர் என்பவர் உளவியலில் முதுகலைப் பட்டம் பெற்று, அதற்குமேல் மருத்துவமனையில் நோயாளிகளோடு இரண்டாண்டு முழுநேரப் பயிற்சியும் பெற்றவர். சோதனைகள் நடத்துவார், பேச்சு வழியாகச் சிகிச்சை தருவார். மாத்திரை எழுத மாட்டார்.

மனநல சமூகப் பணியாளர் குடும்பத்தையும் சுற்றத்தையும் சேர்த்துப் பார்த்து உதவுபவர். இவருக்கும் தனிப் பயிற்சி உண்டு.

நான்காவது ஆலோசகர், அதாவது கவுன்சிலர். முதுகலை உளவியல் படித்த நல்ல ஆலோசகர்களும் இருக்கிறார்கள், இரண்டு நாள் வகுப்புக்குப் போய்விட்டுப் பலகை மாட்டியவர்களும் இருக்கிறார்கள். குழப்பமெல்லாம் இங்கேதான்.

நம் ஓசூர் சாலையில் தொடங்கிய கதை

இந்தத் துறையின் வரலாற்றில் நம் கர்நாடகத்துக்குப் பெருமையான இடம் உண்டு. இந்தியாவில் முதல் உளவியல் துறை 1916இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் தோன்றியது. அடுத்து 1924இல் மைசூர் பல்கலைக்கழகத்தில் எம்.வி. கோபாலஸ்வாமி தலைமையில் ஒரு துறை தொடங்கப்பட்டது. இவர்தான் 1935இல் மைசூரில் தம் வீட்டிலேயே வானொலி நிலையம் நடத்தி "ஆகாசவாணி" என்ற பெயரை வழங்கியவர் என்பது பலர் அறியாத செய்தி.

பெங்களூரின் பழைய மனநோய் மருத்துவமனையோடு சேர்ந்து 1954இல் அகில இந்திய மனநல நிறுவனம் தொடங்கியது. மறு ஆண்டே மருத்துவ உளவியலாளரை உருவாக்கும் பட்டயப் படிப்பு அங்கே ஆரம்பமாயிற்று. பிற்காலத்தில் அதுவே எம்.ஃபில். படிப்பாக மாறியது. இரண்டும் 1974இல் இணைந்து நிம்ஹான்ஸ் ஆயின. நாம் ஓசூர் சாலையில் பஸ்ஸில் போகும்போதெல்லாம் பார்க்கும் அதே நிறுவனம்தான். பயிற்சி இப்படி 1955லேயே வந்துவிட்டாலும், பயிற்சி பெற்றவருக்கும் பெறாதவருக்கும் சட்டத்தில் வேறுபாடு வர மேலும் முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆயின.

1992ஆம் ஆண்டுச் சட்டம்

இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டம் 1992இல் நிறைவேறி, 1993 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. இது உளவியலாளருக்கென்று எழுதிய சட்டம் அன்று. மாற்றுத் திறனாளிகளுக்குப் பணியாற்றுவோரை ஒழுங்குபடுத்த வந்தது. காது கேட்கும் கருவி செய்பவர், பேச்சுப் பயிற்சி தருபவர், சிறப்பு ஆசிரியர் ஆகியோருடைய பட்டியலில் மருத்துவ உளவியலாளரும் சேர்க்கப்பட்டார். முன்வாசல் இல்லாத வீட்டுக்குள் பக்கவாசல் வழியாக நுழைந்தது போலத்தான்.

இச்சட்டப்படி கவுன்சில் ஏற்ற படிப்பை முடித்தவர் மத்தியப் பதிவேட்டில் பெயரைப் பதிந்து எண் பெற வேண்டும். பதிவைக் காலம் தவறாமல் புதுப்பிக்கவும் வேண்டும். பதியாமல் தொழில் செய்தால் தண்டனை என்ன? ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ரயில்வேக்காரனாகிய எனக்கு இந்தக் கணக்கு பழக்கமானது. தக்க காரணமின்றி அபாயச் சங்கிலியை இழுப்பவருக்கு 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 141ஆம் பிரிவு விதித்ததும் இதே ஓராண்டு, இதே ஆயிரம் ரூபாய்தான். வண்டியைப் பத்து நிமிடம் நிறுத்துவதும் ஒரு மனிதனின் மனத்தைத் தவறாகக் கையாள்வதும் தராசில் ஒரே எடையாக நிற்கின்றன!

ஏர்வாடி கற்பித்த பாடம்

சட்டப் புத்தகத்தில் உரிமம் என்று எழுதியிருந்தால் போதுமா? போதாது என்பதை நம் தமிழ் மண்ணே உலகுக்குக் காட்டியது. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கூரையில் தீப்பிடித்தது. அங்கிருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியாமல் 28 பேர் மாண்டனர். மனநல இல்லங்கள் உரிமம் பெற வேண்டும் என்று 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டம் ஏற்கெனவே சொல்லியிருந்தது. அந்தக் காப்பகத்துக்கு உரிமம் இல்லை. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு, எல்லா மாநிலங்களிலும் இத்தகைய இடங்களைக் கணக்கெடுக்க உத்தரவிட்டது.

சிக்னல் கம்பம் நட்டால் மட்டும் விபத்து நிற்காது. விளக்கு எரிகிறதா என்று தினமும் பார்ப்பதற்கு ஓர் ஆள் வேண்டும்.

2017ஆம் ஆண்டுச் சட்டம்

பழைய சட்டத்தை நீக்கிவிட்டு வந்தது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். 2018 மே மாதம் முதல் நடைமுறையில் உள்ளது. இதில் நமக்கு வேண்டிய செய்திகள் மூன்று.

ஒன்று, மருத்துவ உளவியலாளர் என்றால் யார் என்று இது இலக்கணம் வகுத்தது. முதுகலைப் பட்டமும், மேற்பார்வையின் கீழ் பெற்ற மருத்துவப் பயிற்சி அடங்கிய இரண்டாண்டு முழுநேரப் படிப்பும், மறுவாழ்வுக் கவுன்சிலின் ஏற்பும் தேவை. (தேசியக் கல்விக் கொள்கை எம்.ஃபில். பட்டத்தையே கைவிடச் சொன்னதால், அதற்கு ஈடான புதிய படிப்புகளைக் கவுன்சில் வகுத்திருக்கிறது.)

இரண்டு, ஒவ்வொரு மாநிலத்திலும் மனநல ஆணையம் அமைத்து, மருத்துவ உளவியலாளர்களையும் மனநலச் செவிலியர்களையும் சமூகப் பணியாளர்களையும் பதிவு செய்து பட்டியல் வெளியிடச் சொன்னது. அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி ஓசூருக்குப் போனால் ஆணையம் வேறு என்பதை நம் பகுதி அன்பர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

மூன்று, இதன் 106ஆம் பிரிவு. மனநலத் துறையில் பணிபுரிபவர் எவரும் தம் தொழிலின் எல்லையைத் தாண்டி மருந்தோ சிகிச்சையோ பரிந்துரைக்கக் கூடாது என்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பிரிவு இதுதான். எங்கள் துறையில் சாவிக்காரர் என்ற கீமேன் தினமும் தம் பகுதியை நடந்து பார்ப்பார், தளர்ந்த சாவியை அடித்து இறுக்குவார். அவர் இல்லாவிட்டால் ரயில் இல்லை. ஆனால் தண்டவாளத்தை வெட்டும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. இது அவருக்கு இழிவு அன்று, அவரவர் பணிக்கு வகுத்த வரம்பு.

2021ஆம் ஆண்டுச் சட்டம்

இத்தனைக்குப் பிறகும் ஓர் ஓட்டை இருந்தது. பள்ளி உளவியலாளர், ஆலோசகர் போன்றோர் எந்தச் சட்டத்துக்குள்ளும் முழுமையாக வரவில்லை. 2021ஆம் ஆண்டு தேசிய சுகாதாரம் சார்ந்த தொழில்களுக்கான ஆணையச் சட்டம் இந்த ஓட்டையை அடைக்க வந்தது. அதன் அட்டவணையில் நடத்தைநல அறிவியல் என்ற தலைப்பில் உளவியலாளர் இடம் பெற்றார். மாநிலம்தோறும் கவுன்சிலும் பதிவேடும் வேண்டும் என்று சட்டம் சொன்னது. மாநிலங்கள் மெத்தனம் காட்டவே, 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கெடு வைத்தது. 2025ஆம் கல்வியாண்டு முதல் உளவியலை அஞ்சல் வழியிலும் இணைய வழியிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்ததும் இச்சட்டத்தை ஒட்டித்தான்.

பெயரைக் காப்பதா, தொழிலைக் காப்பதா?

உரிமச் சட்டங்கள் உலகெங்கும் இரு வகை. ஒன்று பெயரைக் காக்கும், மற்றொன்று தொழிலையே காக்கும். கட்டடக் கலைஞருக்கான 1972ஆம் ஆண்டுச் சட்டம் "ஆர்க்கிடெக்ட்" என்ற பெயரைத்தான் காக்கிறது, பதிவில்லாதவர் வரைபடம் போடுவதைத் தடுக்கவில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருத்துவம் அப்படியல்ல. பதிவு இல்லாதவர் அத்தொழிலையே செய்யக் கூடாது.

அமெரிக்காவில் உளவியலாளருக்கு முதல் சட்டம் 1945இல் கனெக்டிகட் மாநிலத்தில் வந்தது. பிரிட்டனில் 2009இல்தான் வந்தது. அங்கும் "மருத்துவ உளவியலாளர்" போன்ற சில பெயர்களே பாதுகாக்கப்படுகின்றன, வெறும் "உளவியலாளர்" என்ற சொல் இன்றும் திறந்தே கிடக்கிறது. பெயரை மட்டும் காத்தால், புத்திசாலியான போலி வேறு பெயரைச் சூட்டிக்கொள்வார். "மன வழிகாட்டி", "வாழ்க்கைப் பயிற்சியாளர்" என்று பலகைகள் முளைப்பது இதனால்தான்.

மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். 2015-16இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய ஆய்வின்படி, வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனநலக் குறை இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சையே பெறவில்லை. வாசலை மிகவும் குறுக்கினால் ஏழைகள் வெளியே நின்றுவிடுவார்கள் என்பது நியாயமான அச்சமே. என் தாழ்மையான கருத்து இதுதான்: வாசலைக் குறுக்க வேண்டாம், உள்ளே இருப்பவர் யார், எதுவரை செய்யலாம் என்று வாசலிலேயே எழுதி வைக்கட்டும்.

நான் ஏன் இதை எழுதினேன்?

என் அக்காள் மகன் எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்ப்பவன். சில ஆண்டுகளுக்கு முன் அவனுக்குத் தூக்கம் போயிற்று, பேச்சு குறைந்தது. மனநல மருத்துவர் மாத்திரை கொடுத்தார், கூடவே யாரிடமாவது பேசிப் பழகினால் நல்லது என்றார். அக்காள் என்னைக் கேட்டாள், "தம்பி, உனக்கு நாலு இடம் தெரியுமே, நல்ல இடமாப் பார்த்துச் சொல்லேன்."

நான் பார்த்துச் சொன்னேன். நல்ல கட்டடம், குளிர்சாதன அறை, சுவரில் கண்ணாடிச் சட்டமிட்ட ஐந்து சான்றிதழ்கள், இனிமையான பேச்சு. இருபது அமர்வுக்கு முன்பணம் கட்டினோம். ஆறாவது அமர்வில் அந்த ஆலோசகர், "மாத்திரை உங்களை அடிமையாக்கிவிடும், நிறுத்திவிடுங்கள்" என்றிருக்கிறார். பையன் நிறுத்திவிட்டான். மூன்று வாரம் கழித்து ஒரு நள்ளிரவில் அவன் குடியிருப்பின் மொட்டை மாடியில் தனியே நின்றுகொண்டிருந்தான். அங்கே காவல் வேலை பார்த்த தருமபுரிக்காரர் ஒருவர், ஊர்க்கதை பேசிப் பேசியே அவனைக் கீழே அழைத்து வந்தார். அவரை எங்கள் குடும்பம் மறக்காது.

பிறகு முன்பணத்தைக் கேட்கப் போனபோதுதான் அந்தச் சான்றிதழ்களை அருகில் சென்று படித்தேன். ஒன்று வார இறுதி வகுப்பு. ஒன்று ஏதோ சங்க உறுப்பினர் அட்டை. ஒன்று மனோவசியப் பயிற்சி. ஐந்திலும் பதிவு எண் என்று ஒன்றுகூட இல்லை. சான்று இல்லாதவர் கையில் ஒரு முழம் தண்டவாளத்தைக் கூட ஒப்படைக்காத நான், என் அக்காள் பிள்ளையை ஒப்படைத்திருக்கிறேன். அக்காள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பையன் ஓராண்டில் தேறினான். பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர் ஒருவரும் மருத்துவரும் ஒருவரையொருவர் கலந்து பேசிச் சிகிச்சை செய்தார்கள். இப்போது வேலைக்குப் போய்வருகிறான். அவன் சம்மதத்துடனேயே இதை எழுதுகிறேன்.

அன்பர்கள் நினைவில் கொள்ள

1. முதல் கேள்வி, "உங்கள் பதிவு எண் என்ன?" கேட்பது மரியாதைக் குறைவு அன்று. மறுவாழ்வுக் கவுன்சிலின் இணையதளத்தில் பெயரைச் சரிபார்க்கலாம். பிள்ளைகளிடம் சொன்னால் கைபேசியிலேயே பார்த்துத் தருவார்கள்.

2. ஆலோசகர் எனில் என்ன படித்தார், எங்கே எத்தனை காலம் பயிற்சி பெற்றார், யார் மேற்பார்வையில் பணி செய்கிறார் என்று கேளுங்கள். நல்லவர் தயங்காமல் சொல்வார்.

3. மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்லும் உரிமை மருத்துவருக்கே உண்டு. வேறு யார் சொன்னாலும் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

4. "நூற்றுக்கு நூறு குணம்" என்று உறுதி சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

5. அவசரத்துக்கு மத்திய அரசின் டெலி மனஸ் உதவி எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கியது. கட்டணம் இல்லை. கன்னடத்தோடு தமிழிலும் பேசலாம்.

நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பார்ப்பவர் என்று சிகிச்சைக்கு நான்கு அங்கங்களை வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வகுத்தார். நான்காமவர் நாம்தான். விசாரிக்க வேண்டியவரும் நாம்தான். நான் விசாரிக்கத் தவறினேன். இதைப் படிப்பவர்களில் ஒருவராவது சுவரில் தொங்கும் கண்ணாடிச் சட்டத்தை அருகில் சென்று படித்தால், இக்கட்டுரை எழுதிய பயனை அடைந்தவனாவேன்.