வட்ட மூடி யாருடையது?

சென்னையில் நாலு மணி நேரம் விடாமல் மழை கொட்டி, தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றால், யாராவது ஒருவர் கடப்பாரையோடு இறங்குவார். நடுத்தெருவில் இருக்கும் வட்ட மூடியை நெம்பித் தூக்குவார். தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே போகும். மாநகராட்சி செய்யாததைத் தெருவாசிகளே செய்துவிட்டதாகப் பேச்சு கிளம்பும்.

அந்த மூடி மாநகராட்சியுடையதே அல்ல. 1978இல் தனிச் சட்டம் கொண்டுவந்து குடிநீரையும் கழிவுநீரையும் மெட்ரோ வாட்டர் வாரியத்திடம் ஒப்படைத்துவிட்டார்கள். மழைநீர் வடிகாலும் குப்பையும் மாநகராட்சியின் பொறுப்பு. “எல்லாம் சாக்கடைதானே” என்ற நம்பிக்கை அடிபடுவது இங்கேதான்.

பாதாளச் சாக்கடைக் குழாய், நாம் குளித்தும் துவைத்தும் கழுவியும் விடும் தண்ணீரைக் கணக்கிட்டுப் போட்டது. அந்தத் தண்ணீர் கழிவுநீரேற்று நிலையத்துக்குப் போய், அங்கிருந்து மோட்டார் தள்ள, கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி போன்ற இடங்களில் உள்ள சுத்திகரிப்பு நிலையங்களைச் சேர்கிறது. அதற்குள் ஒரு தெருவின் மழையைத் திருப்பிவிட்டால் மோட்டார் திணறும், குழாய் நிரம்பும், தண்ணீர் வந்த வழியே திரும்பும். பள்ளத்தில் இருக்கும் தரைத்தள வீட்டின் கழிப்பறைதான் முதலில் பொங்கும். மூடி திறந்த குழி வெள்ளத்தடியில் யார் கண்ணுக்கும் தெரியாது என்பதையும் கடப்பாரைக்காரர் யோசிப்பதில்லை.

இதைவிட மோசமானது தலைகீழாக நடப்பது. கழிவுநீர் இணைப்பு வாங்கச் செலவாகும் என்று, வீட்டுக் கழிவுக் குழாயை ராத்திரியோடு ராத்திரியாக மழைநீர் வடிகாலில் சொருகிவிடுகிறார்கள். வடிகாலுக்குச் சுத்திகரிப்பு கிடையாது. கூவத்துக்கோ அடையாற்றுக்கோ பக்கிங்காம் கால்வாய்க்கோ நேராகப் போகும். ஒழுங்காகப் போயிருந்தால் அதே தண்ணீருக்கு மதிப்பு உண்டு: கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் வீதம் கழிவுநீரை மேலும் சுத்தப்படுத்தி, மணலி, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையங்கள் இருக்கின்றன. தொழிற்சாலைகள் அதை வாங்கும் அளவுக்கு ஏரித் தண்ணீர் குடிக்க மிஞ்சும்.

நடுச்சாலையில் வட்ட மூடி என்றால் பெரும்பாலும் மெட்ரோ வாட்டர். ஓரத்தில் சதுரமாகவோ நீளமாகவோ இருந்தால் பெரும்பாலும் மாநகராட்சி. மாநகராட்சிப் புகாருக்கு 1913, மெட்ரோ வாட்டருக்கு 1916.

“குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை, குடிக்க லாயக்கில்லை” என்பது அடுத்த நம்பிக்கை. அந்த வாடை குளோரின். வழியில் கிருமி சேர்ந்தால் கொல்வதற்காகவே, கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்று இந்தியத் தரநிர்ணயம் சொல்கிறது. சற்று நேரம் திறந்த பாத்திரத்தில் வைத்தால் வாடை குறையும். பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. தண்ணீர் விட்டு விட்டு வரும் ஊரில், நின்றுபோன நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் இருக்காது. பக்கத்தில் கழிவுநீர்க் கசிவு இருந்தால் விரிசல் வழியே உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். மெயின் குழாயில் நேராக மோட்டார் போட்டு இழுப்பவர் இந்த உறிஞ்சலைக் கூட்டுகிறார், தன் வீட்டுக்கும் சேர்த்து. தண்ணீர் விட்டதும் கலங்கலாக வந்தால் முதல் சில குடங்களைச் செடிக்கு விடுங்கள். நாற்றமும் சேர்ந்து வந்தால் குடிக்காமல் உடனே புகார் செய்யுங்கள்.

“குப்பையைப் பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகத்தான் கொட்டுகிறார்கள்” என்பது இன்னொன்று. சில இடங்களில் உண்மை, கண்ணால் பார்த்தவர்கள் சொல்வதைப் பொய் என்று தள்ள முடியாது. ஆனால் கலந்து கொடுத்த குப்பையைத் தூய்மைப் பணியாளர் கையால் கிளற வேண்டியிருக்கிறது. காய்கறித் தோலோடு ஒரு உடைந்த டியூப்லைட் போனால் அந்தக் கூடை உரமாக்கும் மையத்துக்கு ஆகாது. குப்பைமேட்டுக்குத்தான் போகும். குப்பையை வகை பிரித்துக் கொடுக்க விதிகள் சொல்வது வீட்டிலிருப்பவருக்கு. வண்டியில் கலந்தால் புகார் செய்யும் உரிமையும் அவருக்குத்தான்.

“தண்ணீரே வருவதில்லை, வரி எதற்கு?” என்ற கேள்வியில் நியாயம் இருப்பதாகத் தோன்றும். குடிநீர், கழிவுநீர் வரி கட்டடத்தின் ஆண்டு மதிப்பில் போடுவது. குழாயில் எத்தனை குடம் வந்தது என்று பார்ப்பதில்லை. மாதக் கட்டணம் அதற்கு வெளியே. வரியை நிறுத்தினால் நிலுவை ஏறுமே தவிர தண்ணீர் லாரி வராது.